புட்டியில் அளந்த கூலி



சென்ற மாதம் நமது கிளைக் கூட்டத்தில் இரண்டு பேச்சுகள் எழுந்தன. ஒன்று சிரிப்போடு எழுந்தது. மற்றது சினத்தோடு எழுந்தது. கூடியிருந்தவர்கள் அவற்றை வேறு வேறு சங்கதிகளாக எண்ணிக் கலைந்தார்கள். இரண்டும் ஒரே மரத்தின் இரு கிளைகள் என்பது நமது கட்சி. பொறுமையாகப் படித்துவிட்டுப் பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள்.

சிரிப்போடு எழுந்தது இது. இளைஞர் சிலர் கைத்தொலைபேசியில் ஒரு படம் காட்டினார்கள். எவரோ ஒரு வெள்ளைக்காரர் தம் வீட்டுச் சமையலறையில் ஆப்பிளை அரைத்துச் சாறு பிழிகிறார். சீனியும் ஈஸ்டும் சேர்த்துக் கண்ணாடி ஜாடியில் அடைக்கிறார். சில வாரம் பொறுத்தால் ஒயின் தயார். "அண்ணே, கடையில் வரிக்கு மேல் வரி கொடுத்து வாங்குவானேன்? சம்சுவைக் குடித்துக் கண் கெடுவானேன்? இதை நாமே போட்டுக்கொண்டால் என்ன?" என்று கேட்டார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள்.

சினத்தோடு எழுந்தது இது. ஒரு தோட்டத்தில் மழையால் வேலை பிந்திவிட்டது. காண்டிராக்டர் லயத்துக்கு வந்து, "ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், களையை முடித்துவிடலாம், சாயங்காலம் உங்களைக் கவனித்துக்கொள்கிறேன்" என்றார். போனார்கள். காலை தொடங்கி மாலை வரை வெட்டினார்கள். சாயங்காலம் ஆளுக்கு ஒரு புட்டி கொடுத்தார். அவ்வளவுதான் 'கவனிப்பு'. அந்த ஞாயிறு செக்ரோலிலும் ஏறவில்லை, சம்பளச் சீட்டிலும் ஏறவில்லை. ஓர் அம்மாள் எழுந்து நின்று கேட்டார்: "என் வீட்டுக்காரர் ஒரு நாள் முழுக்க உழைத்ததற்கு வீட்டுக்கு வந்தது ஒரு புட்டி. அதை அடுப்பில் ஏற்றினால் சோறு பொங்குமா ஐயா?"

அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

இனி நமது வாதத்திற்கு வருவோம். ஆப்பிள் ஒயின் என்பது வீட்டு விளையாட்டு என்று இளைஞர்கள் நினைக்கிறார்கள். அந்தப் பானத்தின் பூர்வீகத்தைத் தோண்டிப் பார்த்தால், அந்த அம்மாள் கேட்ட கேள்விதான் அடியில் கிடக்கிறது.

இங்கிலாந்தின் மேற்குப் பகுதியில் டெவன், சாமர்செட், ஹெரிஃபோர்டு என்று மாவட்டங்கள் உண்டு. நம் ஊரில் ரப்பர் எப்படியோ, அங்கே ஆப்பிள் அப்படி. ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்த பானத்துக்குச் சைடர் என்று பெயர். பண்ணை முதலாளியின் தோப்பில் பழம், அவர் செக்கில் சாறு, அவர் பீப்பாயில் பானம். பண்ணையாளுக்குக் கூலி கொடுக்கும்போது காசில் ஒரு பங்கு, சைடரில் ஒரு பங்கு! சிறு மரப்பீப்பாயில் சைடரை நிரப்பித் தோளில் மாட்டிக்கொண்டு ஆள் வயலுக்குப் போவான். அறுவடைக் காலத்தில் அளவு கூடும். எல்லாருக்கும் நல்ல சைடர் கிடைத்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். பிழிந்த சக்கையில் தண்ணீர் ஊற்றி மறுபடி பிழிந்த இரண்டாம் சாறும் உண்டு; ஆளுக்கு அது போதும் என்று ஊற்றிய பண்ணைகளும் உண்டு.

டெவனில் ஹால்பர்ட்டன் என்ற ஊருக்கு 1860களில் கேனன் கேர்டில்ஸ்டன் என்ற பாதிரியார் வந்தார். அவர் கண்டது என்ன? பண்ணையாளுக்கு வாரக் கூலி ஏழு, எட்டு ஷில்லிங். அதன்மேல் தினப்படி சைடர். பிள்ளைகளோ பட்டினி. சைடருக்கும் ஒரு விலையைப் போட்டு, "நாங்கள் கொடுக்கும் கூலி குறைவல்ல" என்று கணக்குக் காட்டுவது பண்ணையார்களின் வழக்கம். அந்தப் பாதிரியார் மேடையில் நின்று 'குடியாதே' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகவில்லை. கூலி உயர்ந்த வடபகுதிகளுக்கு நூற்றுக்கணக்கான தொழிலாளர்களைக் குடும்பத்தோடு அனுப்பிவைத்தார். ஆள் குறைந்தது; பண்ணையார்கள் கொதித்தார்கள். 1872இல் ஜோசப் ஆர்ச் என்ற பண்ணைத் தொழிலாளி தலைமையில் தேசிய விவசாயத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. 1887இல் இங்கிலாந்துப் பார்லிமெண்டு கூலிச் சட்டத்தைத் திருத்தியது. பண்ணையாளுக்குக் காசுக் கூலியோடு உணவு கொடுக்கலாம், குடிசை கொடுக்கலாம், பானமும் கொடுக்கலாம். ஆனால் அந்தப் பானம் போதை தருவதாக இருக்கக்கூடாது என்று எழுதிற்று. சட்டம் வந்த பிறகும் பல பண்ணைகளில் பீப்பாய் ஓயவில்லை என்பது வேறு கதை. ஆனாலும் நியாயம் எது என்பது ஏட்டில் ஏறிவிட்டது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். "தோட்டத்துத் தமிழன் குடித்தே கெட்டான், அவன் இரத்தத்திலேயே குடி இருக்கிறது" என்று சொல்லுவோர் நம்மிடையே இன்றும் இருக்கிறார்கள். படித்தவர்களும் சொல்லுகிறார்கள், நம் வகுப்பைச் சேர்ந்த கிளார்க்குகளும் ஆபீசு மேசையில் சாய்ந்துகொண்டு சொல்லுகிறார்கள். நாம் கேட்கிறோம்: டெவன் பண்ணையாள் தமிழனா? அவன் தோல் வெள்ளை. அவன் நாடு உலகை ஆண்ட நாடு. அவன் எப்படிக் குடிகாரன் ஆனான்? தென்னாப்பிரிக்காவில் திராட்சைத் தோட்டங்களில் 'டொப்' என்ற முறை இருந்தது. வேலைக்கிடையே நாளில் பல தடவை மட்டமான ஒயினை ஊற்றிக் கூலியில் ஒரு பங்காகக் கழித்தார்கள். அந்தப் பகுதிகளில் தாயின் கருவிலேயே மதுவால் பாதிக்கப்பட்டுப் பிறந்த குழந்தைகள் ஏராளம். அவர்களும் தமிழரா? ஆப்பிள் விளைந்த இடத்தில் ஆப்பிள், திராட்சை விளைந்த இடத்தில் திராட்சை, தென்னை நின்ற இடத்தில் கள். பழம் மாறுகிறது, நிறம் மாறுகிறது, மொழி மாறுகிறது. மாறாதது ஒன்றே: ஊற்றுகிற கையும் கூலி அளக்கிற கையும் ஒரே கையாக இருப்பது. குடி இரத்தத்தில் இல்லை, தோழர்களே. கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது!

நம் நாட்டுக்கு வருவோம். 1887இல் தன் நாட்டுப் பண்ணையாளுக்குப் போதைப் பானத்தைக் கூலியாக்கக்கூடாது என்று சட்டம் செய்த அதே அரசின் ஆட்சியில்தான், மலாயாத் தோட்டங்களில் லைசென்சு பெற்ற கள்ளுக்கடைகள் நடந்தன. 'கூலியாகக் கொடுக்கவில்லையே, கடையில்தானே விற்றோம்' என்று வக்கீல் பேச்சுப் பேசலாம். சம்பளம் போடுவது தோட்டம். கள்ளுக்கடை நடத்துவதும் தோட்டம். சனிக்கிழமை ஒரு வாசலால் போன காசு ஞாயிற்றுக்கிழமை மறு வாசலால் திரும்பி வந்தால், அதற்குப் பெயர் என்ன? அந்த இலாபத்தைத் தொழிலாளர் நலனுக்கே செலவிடுகிறோம் என்று கள்ளு நிதி ஒன்றையும் காட்டினார்கள். நம் குடலை அறுத்த காசிலே நமக்கே தானம்! அதற்கு நாம் கைகட்டி நின்று மாலையும் போட்டோம்.

எல்லாரும் மாலை போடவில்லை என்பதே நமது பெருமை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் ஆர்.எச். நாதன் முதலியோர் வழிகாட்ட வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் என்ன கேட்டார்கள்? கூலி உயர்வு கேட்டார்கள். துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் அவமானம் ஒழிய வேண்டும் என்று கேட்டார்கள். அவற்றோடு சேர்த்துக் கள்ளுக்கடையை மூடு என்றும் கேட்டார்கள். குடிகாரன் என்று யாரைத் தூற்றினார்களோ, அவனே எழுந்து நின்று கடையை மூடச் சொன்னான். பதில் என்ன வந்தது? பட்டாளம் வந்தது, துப்பாக்கி வெடித்தது, தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள், நாதன் நாடு கடத்தப்பட்டார். யுத்தத்திற்குப் பிறகு கெடாவில் ஏ.எம். சாமியின் தொண்டர் படை கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தது. 1947இல் பெடோங் வட்டாரத்தில் அந்த மறியலும் போலீசு அடக்குமுறையைச் சந்தித்தது. குடியைத் தொழிலாளியின் குணம் என்று சொல்லுகிறவர்கள் இந்த இரண்டு ஆண்டுகளை எந்தப் பக்கத்தில் எழுதுவார்கள்?

இனி நம் இளைஞர்களுக்கு நேரடியாகப் பதில் சொல்லுவோம். கேள்வியை ஏளனம் செய்வது சங்கத்தின் வேலை அல்ல.

ஆப்பிள் சாறு புளிப்பது மாயமன்று. சாற்றிலுள்ள இனிப்பை ஈஸ்டு தின்று மதுவும் கரிவாயுவுமாக மாற்றுகிறது. சாறு மட்டும் புளித்தால் நூற்றுக்கு ஐந்து, ஆறு பங்கு மது இருக்கும்; சீனி சேர்த்தால் பத்து, பன்னிரண்டு என்று ஏறி ஒயின் ஆகும். இலையுதிர் காலத்தில் பழம் பறித்து, குளிர்காலத்தில் மெல்லப் புளிக்கவைத்து, மாதக்கணக்கில் தெளியவிடுவது அந்த நாட்டு முறை. நம் லயத்தின் தகரக் கூரையின் கீழே, இந்த வெயிலில், அது ஒயினாவதற்கு முன் காடியாகவும் கூடும். நாலரை லிட்டர் சாறு பிழிய ஏறக்குறைய எட்டுக் கிலோ ஆப்பிள் வேண்டும். அத்தனையும் கப்பலில் வந்த ஆப்பிள். அதன் விலையைக் கூட்டிப் பாருங்கள். சீனி விலையைச் சேருங்கள். எட்டுக் கிலோ ஆப்பிளைப் பிள்ளைகளுக்கு முன் வைத்தால் எத்தனை நாள் தின்பார்கள் என்பதையும் எண்ணுங்கள். மேலும் லைசென்சு இல்லாமல் மது தயாரிப்பது 1976ஆம் ஆண்டுக் கலால் சட்டப்படி குற்றம். சட்டத்துக்கு லயத்துக் கதவு மட்டும் நன்றாகத் தெரியும் என்பதை நாம் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டுமா?

"சம்சுவைவிடச் சுத்தம்" என்ற வாதமும் பாதிதான் உண்மை. பழத்தைப் புளிக்கவைத்ததால் மட்டும் கண் போய்விடாது. அதை மறைத்துப் பேச மாட்டோம். ஆனால் டெவன் சைடரைக் குடித்தவர்களுக்கு வயிற்றைப் பிசையும் வலி வந்தது, கை விளங்காமல் போனது. அந்த நோய்க்கு டெவன் வயிற்றுவலி என்றே பெயர். பழத்தின் புளிப்பே காரணம் என்று நெடுங்காலம் சொன்னார்கள். 1767இல் ஜார்ஜ் பேக்கர் என்ற மருத்துவர் உண்மையை வெளியிட்டார்: டெவன் செக்குகளில் ஈயம் இருந்தது, சைடரில் ஈயம் கலந்தது. ஈயம் இல்லாத ஹெரிஃபோர்டுச் சைடரைக் குடித்தவர்களுக்கு அந்த நோய் இல்லை. அப்படியானால் குற்றம் பழத்திலும் இல்லை, குடித்தவன் குணத்திலும் இல்லை, செக்கிலே இருந்தது!

நம் நாட்டுச் சங்கதியும் அதுவே. 2018 செப்டம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் சுற்றுப்புறங்களிலும் மெத்தனால் கலந்த மலிவு மதுவைக் குடித்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மாண்டவர்களில் பிழைப்புக்காகக் கடல் கடந்து வந்த தொழிலாளர்கள் பலர். மெத்தனால் ஆலைக்கு வேண்டிய சரக்கு, வயிற்றுக்கு நஞ்சு. பெரிய ஓட்டலில் குடித்தவனுக்கு அந்தப் புட்டி போகவில்லை. மலிவாகக் கிடைத்ததால் ஏழையின் கைக்குப் போயிற்று. இப்போது சொல்லுங்கள்: காண்டிராக்டர் ஞாயிறு சாயங்காலம் கொடுத்தாரே, அந்தப் புட்டி எங்கே வாங்கியது? யார் அடைத்தது? யாருக்காவது தெரியுமா?

நாம் மதப் பிரசங்கம் செய்ய வரவில்லை. ஒருவர் தாம் உழைத்த காசை முழுதாகக் கையில் வாங்கி, வீட்டுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, மிச்சத்தில் என்ன செய்கிறார் என்பது அவருக்கும் அவர் மனைவிக்கும் உள்ள வழக்கு. அதில் அந்த அம்மாள் பேசட்டும். நம்மைவிட நன்றாகப் பேசுவார். ஆனால் கூலிக்குப் பதிலாகப் புட்டி வந்தால், அது சங்கத்தின் வழக்கு. அங்கே நாம் வாயை மூடிக்கொள்ள மாட்டோம்.

கணக்குப் போடுவோம், கணக்குத்தான் நமக்குத் தெரிந்த தொழில். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. வாரம் ஆறு நாள் வேலை செய்பவருக்கு அது நாளொன்றுக்கு 65 வெள்ளி 38 காசு ஆகிறது. ஆபீசில் எம்ப்ளாய்மெண்ட் ஆக்ட் என்று சொல்லுகிறோமே, தீபகற்ப மலேசியாவில் நடைமுறையிலுள்ள அந்த 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 60ஆவது பிரிவு என்ன சொல்லுகிறது? ஓய்வு நாளில் அரை நாளுக்கு மேல் வேலை செய்த நாட்கூலித் தொழிலாளிக்கு இரண்டு நாள் கூலி. எடைக்கணக்கில் கூலி வாங்கும் வெட்டுக்காரருக்கு வழக்கமான விலையைப் போல் இரட்டிப்பு. ஆக அந்த ஞாயிற்றுக்குக் குறைந்தபட்சம் 130 வெள்ளி 76 காசு கையில் விழுந்திருக்க வேண்டும். விழுந்தது ஒரு மலிவுப் புட்டி. இருபது பேர் போனார்கள் என்று வையுங்கள்: 2,615 வெள்ளி 20 காசு! இது ஒரே ஒரு ஞாயிற்றில் இருபது குடும்பத்தின் அரிசிப் பானையிலிருந்து எடுத்த தொகை. இதற்குப் பெயர் 'கவனிப்பு' என்றால், களவுக்கு வேறு பெயர் தேட வேண்டும்.

அதே சட்டத்தின் 29ஆவது பிரிவைப் படியுங்கள். முதலாளி சம்பளத்தோடு கூட வீடு கொடுக்கலாம், உணவு கொடுக்கலாம், விறகும் விளக்கும் தண்ணீரும் மருத்துவமும் கொடுக்கலாம். ஆனால் வேலை ஒப்பந்தத்தின் ஒரு பகுதியாகப் போதை தரும் மதுவைக் கொடுக்கக்கூடாது. 28ஆவது பிரிவு மதுக்கடையில் வைத்துச் சம்பளம் பட்டுவாடா செய்வதைத் தடுக்கிறது. எங்கேயோ கேட்டதுபோல் இருக்கிறதல்லவா? டெவன் பண்ணையாளின் சைடர்ப் பீப்பாயை நோக்கி 1887இல் எழுதிய நியாயம் இதுவேதான். ஆப்பிள் ஒயின் நம் லயத்துக்கு எப்போதோ வந்துவிட்டது, தம்பிமாரே. ஜாடியில் வரவில்லை, சட்டமாக வந்திருக்கிறது. காய்ச்சுகிற வித்தையைப் படத்தில் பார்த்துக் கற்கத் துடிக்கிறீர்கள். அந்தப் பானத்தின் வரலாற்றில் நமக்குப் பயன்படும் பகுதி இந்தப் பிரிவுதான்.

இங்கே நம் சொந்தக் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கிளார்க்குகளாகிய நாம் அந்த ஞாயிற்றைச் செக்ரோலில் ஏன் எழுதவில்லை? "காண்டிராக்டர் ஆள், நமக்கென்ன" என்றோம். "மேலே சொல்லவில்லை" என்றோம். நாம் ஒரு கட்டத்தை வெறுமையாக விட்டோம். அந்த வெறுமையில் இருபது பேரின் கூலி விழுந்து மறைந்தது. அன்று ஒருவரைப் பாம்பு கடித்திருந்தால், அல்லது கிளை முறிந்து தலையில் விழுந்திருந்தால், அவர் வேலையில் இருந்தார் என்று சொக்சோவுக்குச் சொல்ல என்ன அத்தாட்சி? நம் பேனா எழுதாத நாள், தொழிலாளி வாழாத நாள் ஆகிவிடுகிறது. காண்டிராக்டரை மட்டும் ஏசி நாம் தப்பிக்க முடியாது.

ஆகவே நாம் சொல்லுவது மூன்று.

முதலாவது, ஓய்வு நாளில் வேலைக்குக் கூப்பிட்டால், போகுமுன் கேளுங்கள்: "எத்தனை வெள்ளி? எந்தச் சீட்டில் ஏறும்?" புட்டி என்று பதில் வந்தால் உளியையும் கத்தியையும் சுவரில் மாட்டுங்கள். நேபாளத்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்திருக்கும் தோழர்களுக்கும் இதை எடுத்துச் சொல்லுங்கள். அவர்களை மலிவாக வாங்க விட்டால் நம் விலையும் அன்றே விழும்.

இரண்டாவது, கிளார்க்குத் தோழர்களே, வேலை செய்த நாளை எழுதுங்கள். யார் ஆளாக இருந்தாலும் எழுதுங்கள். தடுத்தால் தேதி, பெயர், வேலை நேரம் மூன்றையும் தனித்தாளில் குறித்துக் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். தொழிலாளர் இலாகா நம் கண்ணீரைப் படிக்காது, காகிதத்தைப் படிக்கும்.

மூன்றாவது, போன ஞாயிறுகளை மறந்துவிடாதீர்கள். புட்டி வாங்கினோமே, இனி எப்படிக் கேட்பது என்று வெட்கப்பட வேண்டாம். கொடுக்கக்கூடாததைக் கொடுத்தவர் வெட்கப்படட்டும். புட்டி வாங்கியதால் கூலிக் கடன் தீர்ந்துவிடாது. நம் கிளை அந்த இருபது பேரின் பெயரையும் எழுதத் தொடங்கிவிட்டது. எழுதுகிற கை, அன்று எழுதாமல் விட்ட அதே கைதான்.

அந்த அம்மாளுக்கு நாம் கூட்டத்தில் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்லுகிறோம்: அம்மா, புட்டியை அடுப்பில் ஏற்றினால் சோறு பொங்காது. 130 வெள்ளி 76 காசை ஏற்றினால் பொங்கும். அதை வாங்கி உங்கள் கையில் கொடுக்கும் வரை இந்த வழக்கை நாம் கீழே வைக்கப் போவதில்லை.